பேணிக் காத்த இசை: நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஒரு மாலைப்பொழுதும் அதன் பின்னுள்ள வரலாறும்

முன்னுரை

ஒரு சமுதாயத்தின் வரலாறு கல்வெட்டிலும் செப்பேட்டிலும் மட்டுமே உறைவதன்று. எழுத்து மறுக்கப்பட்ட மக்களுக்குக் கல்வெட்டு ஏது? செப்பேடு ஏது? அவர்தம் வரலாறு வாய்மொழியில் வாழ்கிறது, பாட்டில் வாழ்கிறது, கருவியைத் தொட்டுப் பழகிய விரல்களில் வாழ்கிறது. அத்தகைய வரலாறு ஒன்றை நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் நம் இளைஞர்க்கு எடுத்துரைக்க விழைகின்றோம். இஃது அமெரிக்க நாட்டின் தென்கோடியில், மிசிசிப்பி ஆற்றின் கரையில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் என்னும் துறைமுக நகரின் கதை. அந்நகரில் பிறந்த ஜாஸ் இசையின் கதை. அவ்விசையை 60 ஆண்டுகளுக்கும் மேலாக விடாது வாசித்துவரும் பிரிசர்வேஷன் ஹால் ஜாஸ் இசைக்குழுவின் கதை.

வெள்ளி விழா மலரில் கடல் கடந்த நாட்டின் இசைக்குழுவைப் பற்றி எழுதுவானேன் எனச் சிலர் வினவலாம். நம் முன்னோர்க்கும் அம்மக்களுக்கும் உள்ள உணர்வுத் தொடர்பு புதியதன்று. மகாத்மா சோதிராவ் புலே 1873-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘குலாம்கிரி’ என்னும் நூலை, அடிமைத்தளையை அறுக்கப் பாடுபட்ட அமெரிக்க நாட்டு நன்மக்களுக்கே உரித்தாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1946-ஆம் ஆண்டு கறுப்பினப் பேரறிஞர் டு பாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதி, அம்மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த விண்ணப்பத்தின் படியினைக் கேட்டவரும் அவரே. 1972-ஆம் ஆண்டு பம்பாயில் தோன்றிய தலித் பேந்தர் இயக்கம் தன் பெயரையே அங்கிருந்து பெற்றது. ஆகவே இவ்வரலாறு நமக்கு அயலார் கதையன்று.

காங்கோ சதுக்கம்

நியூ ஆர்லியன்ஸ் முதலில் பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலும், பின்னர் ஸ்பானியர் ஆட்சியிலும் இருந்தது. 1803-ஆம் ஆண்டு லூசியானா நிலப்பரப்பு முழுவதையும் அமெரிக்க ஐக்கிய நாடுகள் பிரான்சிடமிருந்து விலைக்கு வாங்கின. நிலத்தோடு அந்நிலத்தில் உழைத்த அடிமைகளும் கைமாறினர். மனிதரை ஏலம் கூவி விற்ற பெருஞ்சந்தைகளுள் ஒன்று அந்நகரம்.

எனினும் அந்நகரில் ஒரு வழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அடிமைகள் ஒன்றுகூடித் தம் பண்டங்களை விற்கவும், ஆடவும் பாடவும் இடந்தரப்பட்டது. 1817-ஆம் ஆண்டு நகர மன்றம், அக்கூட்டங்கள் நகரத் தலைவர் குறிக்கும் இடத்தில் மட்டுமே நடைபெறலாம் எனச் சட்டம் செய்தது. நகரின் பின்புறத்தே இருந்த ஒரு திறந்தவெளி அவ்வாறு குறிக்கப்பட்டது. அதுவே காங்கோ சதுக்கம். ஆப்பிரிக்காவின் பல நாடுகளிலிருந்து பிடித்துவரப்பட்டு, மொழியாலும் இனத்தாலும் வேறுபட்டிருந்த மக்கள், அத்திடலில் முரசறைந்து வட்டமாக ஆடினர். கட்டுக்குள் அடக்கக் குறிக்கப்பட்ட இடமே அவர்தம் தாளத்தைக் காத்த இடமாயிற்று என்பது எண்ணத்தக்கது.

அவ்விடத்தின் பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. 1893-ஆம் ஆண்டு, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படைத்தலைவர் போரகார்டின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. மக்களோ தம் நாவில் காங்கோ சதுக்கம் என்றே வழங்கிவந்தனர். 2011-ஆம் ஆண்டுதான் நகர மன்றம் மக்கள் வழங்கிய பெயரையே சட்டப்படியான பெயராக ஏற்றது. ஏட்டில் எழுதிய பெயரைக் காட்டிலும் நாவில் நின்ற பெயர் நெடிது வாழ்ந்தது.

செருப்புத் தைக்கும் தொழிலாளி தொடுத்த வழக்கு

உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தது. அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஆயினும் விடுதலை பெற்றோர் நிமிர்ந்து நிற்பதைப் பொறாதார் புதிய வேலிகளை எழுப்பினர். 1890-ஆம் ஆண்டு லூசியானா மாநிலம், இரயில் வண்டிகளில் வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் தனித்தனிப் பெட்டிகள் வேண்டும் எனச் சட்டம் இயற்றிற்று.

அந்நகரில் கிரியோல் எனப்படும் கலப்பின மக்கள் பலர் வாழ்ந்தனர். பிரெஞ்சு மொழி பேசியோர். தலைமுறை தலைமுறையாக உரிமை மக்களாய் வாழ்ந்தோர். கைவினையும் கல்வியும் உடையோர். அவர்கள் 1891-ஆம் ஆண்டு குடிமக்கள் குழு ஒன்றை அமைத்து, சில்லறைக் காசாகச் சந்தா திரட்டி, அச்சட்டத்தை எதிர்க்கத் துணிந்தனர். 1892 ஜூன் 7 அன்று ஹோமர் பிளெஸ்ஸி என்பார் முதல் வகுப்புச் சீட்டு வாங்கி, வெள்ளையர் பெட்டியில் அமர்ந்து, எழ மறுத்துக் கைதானார். அவர் செருப்புத் தைக்கும் தொழிலாளி. நம் சமுதாயத்து இளைஞர் இச்செய்தியை மனத்தில் இருத்துதல் வேண்டும்.

வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1896-ஆம் ஆண்டு நீதிமன்றம், பிரித்து வைப்பினும் சமமாக வைத்தால் குற்றமில்லை எனத் தீர்ப்பளித்தது. சமம் என்பது சொல்லளவில் நின்றது. பிரிவு மட்டும் செயலில் நிலைத்தது. அத்தீர்ப்பின் நிழல் 1954-ஆம் ஆண்டு பள்ளி வழக்கில் புதிய தீர்ப்பு வரும்வரை 58 ஆண்டுகள் நீடித்தது. பிளெஸ்ஸிக்கு லூசியானா ஆளுநர் மன்னிப்பு வழங்கியது 2022-ஆம் ஆண்டில். மன்னிப்புக் கேட்கவேண்டியவர் யார், பெறவேண்டியவர் யார் என்பதை நம் வாசகரே தீர்மானிக்க.

இத்தகைய சட்டங்கள் கிரியோல் மக்களையும் மற்றைக் கறுப்பின மக்களையும் ஒரே வேலிக்குள் தள்ளின. முன்னவர் இசைக் குறியீட்டைப் படித்து வாசிக்கக் கற்றவர். பின்னவருள் பலர் காதால் கேட்டு நெஞ்சால் வாசிப்பவர். வேலிக்குள் இரு திறத்தாரும் சந்தித்தனர். ஐரோப்பியப் பித்தளைக் கருவிகளும், தேவாலயப் பாடல்களும், வயலில் உழைப்போர் பாடிய துயரப் பாடல்களும், காங்கோ சதுக்கத்துத் தாளமும் ஒன்றாய்க் கலந்தன. அக்கலப்பின் பிள்ளையே ஜாஸ். அதன் முதல் தலைவராகப் போற்றப்படும் பட்டி போல்டன் 1877-இல் பிறந்தவர். அவர் ஊதிய கார்னெட் ஒலி ஆற்றின் அக்கரையிலும் கேட்டதாக முதியோர் கூறுவர். 1907-இல் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர், 1931-இல் அங்கேயே மறைந்தார். அவர் வாசித்த ஓர் ஒலிப்பதிவேனும் நமக்குக் கிட்டவில்லை.

ஓர் ஆசிரியரின் தொண்டு

ஜாஸ் இசை மதுக்கடையிலும் கேளிக்கை விடுதியிலும் பிறந்தது என எழுதுவோர் பலர். அவ்விடங்களில் அது வாசிக்கப்பட்டது உண்மை. ஆயினும் அது பயிலப்பட்ட இடம் வேறு. ஆசிரியத் தொழிலில் உள்ள நாம் இதனைச் சற்றே விரித்துரைக்க விரும்புகின்றோம்.

ஜேம்ஸ் பிரவுன் ஹம்ஃப்ரி என்பார் 1859-இல் பிறந்த கறுப்பின இசை ஆசிரியர். மக்கள் அவரைப் பேராசிரியர் என்றே அழைத்தனர். 1880-களின் பிற்பகுதி முதல் அவர் வாலுடைய நீள்கோட்டு அணிந்து, நகரிலிருந்து இரயில் ஏறி, ஆற்றங்கரைக் கரும்புத் தோட்டங்களுக்கு முறைவைத்துச் சென்றுவந்தார். அங்கே பகலெல்லாம் கரும்பு வெட்டிக் களைத்த தொழிலாளர்க்கும் அவர்தம் பிள்ளைகட்கும் இசைக் குறியீட்டைப் படிக்கவும், பித்தளைக் கருவிகளை ஊதவும் கற்பித்தார். மக்னோலியா என்னும் தோட்டத்தில் அவர் பயிற்றிய குழு எக்லிப்ஸ் எனப் பெயர் பெற்றது. அடிமைகளாய் இருந்தோரின் மக்கள், கரும்பு வெட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கொம்பினைக் கையில் எடுத்த காட்சியை எண்ணிப் பாருங்கள். அத்தோட்டங்களிலிருந்து நகரம் சென்று இசைவாணராய்ப் பிழைத்தவர் பலர்.

அவ்வாசிரியரின் பேரர்களே வில்லி ஹம்ஃப்ரி, பெர்சி ஹம்ஃப்ரி ஆகியோர். பாட்டனார் கற்பித்த கலையைப் பேரர்கள் 1990-கள் வரை மேடையில் வாசித்தனர். வில்லி 1994-இலும், பெர்சி 1995-இலும் மறைந்தனர். ஓர் ஆசிரியர் இரயில் ஏறிச் சென்று விதைத்த விதை நூறாண்டுக்கும் மேல் பயன் தந்தது எனின் அது மிகையாகாது.

லூயி ஆம்ஸ்ட்ராங் கதையும் இத்தகையதே. 1901-இல் வறுமையிற் பிறந்த அச்சிறுவன், 1912-ஆம் ஆண்டின் கடைசி இரவில் தெருவில் துப்பாக்கியை வெடித்ததற்காகக் கறுப்பினச் சிறுவர் இல்லத்தில் அடைக்கப்பட்டான். அங்கே பீட்டர் டேவிஸ் என்னும் ஆசிரியர் அவனுக்குக் கார்னெட் ஊதக் கற்பித்தார். அச்சிறுவனே பின்னாளில் உலகம் போற்றிய இசைமேதை ஆனான்.

சந்தாவும் சாவும் சங்கமும்

கறுப்பின மக்களுக்கு ஆயுள் காப்பீடு தர வெள்ளையர் நிறுவனங்கள் தயங்கின. நோயுற்றால் மருந்துக்குப் பொருளில்லை. இறந்தால் புதைக்கப் பொருளில்லை. ஆகவே அவர்கள் தமக்குத் தாமே துணையாகும் அறச் சங்கங்களை அமைத்தனர். 1884-இல் தொடங்கப்பட்ட யங் மென் ஒலிம்பியன் சங்கம் அவற்றுள் ஒன்று. உறுப்பினர் தவறாது சந்தா செலுத்துவர். நோயுற்றால் சங்கம் மருத்துவரை அமர்த்தும். இறந்தால் சங்கமே நல்லடக்கம் செய்யும். இறுதி ஊர்வலத்திற்கு ஓர் இசைக்குழுவும் வரும். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவனும் மரியாதையோடு புறப்படவேண்டும் என்பது சங்கத்தின் உறுதி.

அவ்வூர்வலத்தின் முறை கேட்கத்தக்கது. தேவாலயத்திலிருந்து இடுகாடு நோக்கிச் செல்லுங்கால் குழு மிக மெதுவாக நடக்கும். பக்க முரசின் அடியில் உள்ள நரம்பினைத் தளர்த்தி, அதன் ஒலியை மழுக்குவர். பக்திப் பாடல்கள் ஒப்பாரி போல் இழைந்துவரும். அடக்கம் முடிந்து, குழு சற்றுத் தொலைவு வந்ததும், முரசின் நரம்பு மீண்டும் இறுக்கப்படும். முரசு சடசடவென அழைக்கும். கொம்பு விரைந்தெழும். அதே பக்திப் பாடல் ஆடற்பாடலாகிவிடும். உறவினரும் சங்கத்தாரும் முதல் வரிசையெனின், குடை விரித்தும் கைக்குட்டை வீசியும் பின்னே ஆடிவரும் ஊர்மக்கள் இரண்டாம் வரிசை. அவ்வாடலுக்கே அதுதான் பெயர். துயரம் ஒரு வழி. மகிழ்ச்சி ஒரு வழி. இரண்டும் ஒரே தெருவில் நடப்பன.

ஜாஸ் என்னும் பேராறு தெருவில் பெருகிற்று எனில், அதன் ஊற்றுகளுள் ஒன்று இச்சங்கங்களின் சந்தாப் பெட்டி என்பதை நாம் மறத்தலாகாது.

பிறர் கொண்ட பெயர்

ஜாஸ் இசையின் முதல் இசைத்தட்டு 1917 பிப்ரவரி 26 அன்று நியூயார்க்கில் பதிவாயிற்று. அதனை வாசித்தது ஐந்து வெள்ளையரைக் கொண்ட ஒரிஜினல் டிக்சிலேண்டு குழு. அவர்களும் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தாரே, கேட்டுக் கற்றவரே. ஆயினும் அக்குழுவின் தலைவர் நிக் லாரோக்கா, இவ்விசையைப் படைத்தவர் தாமே என்றும், கறுப்பின மக்களுக்கு இதில் பங்கில்லை என்றும் பிற்காலத்தில் வாதிட்டார். கிங் ஆலிவர் தலைமையில், இளைஞர் ஆம்ஸ்ட்ராங்கும் சேர்ந்து வாசித்த கறுப்பினக் குழுவின் தட்டுகள் வெளிவந்தது 1923-இல். உழுதவன் ஒருவன், அறுத்தவன் ஒருவன், பட்டா வேறொருவன் பெயரில் என்பது நம் ஊர்களில் மட்டும் நடப்பதன்று.

1930-களில் புதிய இசைமுறைகள் எழுந்தன. பழைய குழுக்கள் கலைந்தன. முதிய இசைவாணர் கூலிவேலைக்குத் திரும்பினர். கிளாரினெட் மேதை ஜார்ஜ் லூயிஸ் துறைமுகத்தில் சுமை தூக்கினார். பாஞ்சோ வாசித்த நார்வின் கிம்பல் தபால்காரராய்ப் பணியாற்றினார். பெர்சி ஹம்ஃப்ரி காப்பீட்டு முகவரானார். அவர்தம் கலை அவர்களோடு மண்ணுக்குள் போய்விடும் நிலை வந்தது. 1940-களில் பில் ரஸ்ஸல் போன்ற ஆர்வலர் சிலர் அவர்களைத் தேடிப்பிடித்து ஒலிப்பதிவு செய்தனர். 1958-இல் டுலேன் பல்கலைக்கழகத்தில் ஓர் இசை ஆவணக் காப்பகம் நிறுவப்பட்டது. ஆய்வாளர் ஒலிப்பதிவுக் கருவியோடு முதியோர் இல்லம்தோறும் சென்று, அவர்தம் வாழ்வை அவர்தம் வாயாலேயே கூறச்செய்து பதிந்து வைத்தனர்.

அரங்கம் தோன்றிய கதை

நகரின் பழைய பிரெஞ்சுக் குடியிருப்பில், செயின்ட் பீட்டர் தெருவில், 726 என்னும் இலக்கமிட்ட கட்டடத்தில் லாரி போரன்ஸ்டைன் என்பார் ஓவியக்கடை நடத்திவந்தார். கடையை விட்டு இசை கேட்கப் போக இயலாமையால், முதிய இசைவாணரைக் கடைக்கே அழைத்து வாசிக்கச் செய்தார். 1961-ஆம் ஆண்டு பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஆலன் ஜாஃபி, சாண்ட்ரா ஜாஃபி என்னும் இளந்தம்பதியர் தேனிலவுப் பயணத்தில் அந்நகர் வந்தனர். அவ்விசையைக் கேட்டனர், அங்கேயே தங்கிவிட்டனர். அவ்வாண்டே அவ்விடம் பிரிசர்வேஷன் ஹால் ஆயிற்று. பேணிக் காக்கும் கூடம் என நாம் அதனைத் தமிழில் கூறலாம்.

அக்காலத்தை நினைவிற் கொள்ளல் வேண்டும். 1956-ஆம் ஆண்டு லூசியானா சட்டமன்றம், வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து ஆடுவதையும், விளையாடுவதையும், கேளிக்கை நிகழ்த்துவதையும் தடைசெய்தது. அச்சட்டத்தால் மனம் நொந்த ஆம்ஸ்ட்ராங், 1965 வரை தம் பிறந்த ஊரில் வாசிக்கவே மறுத்துவிட்டார். அரங்கம் தோன்றுவதற்குச் சில திங்கள் முன்னர்தான், 1960 நவம்பர் 14 அன்று, ரூபி பிரிட்ஜஸ் என்னும் ஆறு வயதுச் சிறுமி, அதே நகரில் வில்லியம் ஃபிரான்ட்ஸ் தொடக்கப்பள்ளிக்கு நடுவணரசுக் காவலர் புடைசூழச் சென்றாள். அதே நாளில் மற்றொரு பள்ளியில் மூன்று சிறுமியர் அடியெடுத்து வைத்தனர். வெள்ளைப் பெற்றோர் தம் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துச் சென்றனர். ரூபிக்கு பார்பரா ஹென்றி என்னும் ஓராசிரியர் மட்டுமே ஆண்டு முழுதும் தனியே பாடம் கற்பித்தார்.

இத்தகைய நகரில், கறுப்பின முதியோரை நடுவில் அமர்த்தி, இரு நிறத்தாரும் அருகருகே அமர்ந்து கேட்கும் ஓரிடம் எழுந்தது என்பது சிறு செய்தியன்று. அங்குக் கலந்து வாசித்ததற்காகக் காவலர் தலையிட்டதும் உண்டு. 1964-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டம் வந்த பின்னரே பொது இடங்களில் இவ்வேலி சட்டப்படி வீழ்ந்தது.

அக்கூடத்தின் எளிமை புகழ்பெற்றது. ஒலிபெருக்கி இல்லை. மது விற்பனை இல்லை. சில மரப் பலகைகள்; தரையில் சில மெத்தைகள்; எஞ்சியோர் நிற்கவேண்டும். தொடக்கத்தில் வாயிலில் ஒரு கூடை இருக்கும். கேட்போர் காசு இடுவர். விருப்பப் பாடலுக்குக் கட்டணம் எழுதிய பலகை ஒன்றும் தொங்கியது. மரபுப் பாடலுக்கு 1 டாலர். பிற பாடலுக்கு 2 டாலர். ஓயாது எல்லாரும் கேட்டுக் களைப்பூட்டிய ‘வென் தி செயின்ட்ஸ்’ பாடலுக்கு 5 டாலர்! முதியோரின் நகைச்சுவை அப்பலகையிற் புலப்படும்.

1964 அக்டோபர்: ஒரு மாலைப்பொழுது

1963 முதல் அரங்கத்தின் குழுவினர் வெளியூர்ப் பயணம் மேற்கொண்டனர். அவ்வாண்டே ஜார்ஜ் லூயிஸ் ஜப்பான் சென்று வாசித்தார். 1964 அக்டோபர்த் திங்களில் ஒரு மாலை, வட மாநிலமான மின்னசோட்டாவின் மினியாபொலிஸ் நகரில், கத்ரி நாடக அரங்கில் இக்குழு வாசித்தது. அந்நிகழ்ச்சி அங்கேயே ஒலிப்பதிவாகி இசைத்தட்டாய் வெளிவந்தமையால், அம்மாலையை இன்றும் நாம் கேட்க முடிகிறது.

மேடையில் எழுவர். பியானோவில் குழுத்தலைவி ஸ்வீட் எம்மா பாரெட் அம்மையார். வயது 67. தலையில் சிவப்புத் தொப்பி. காலில் கட்டிய சிறு மணிகள் தாளத்தோடு ஒலிக்கும். நம் ஊர்ச் சலங்கையை நினைவூட்டும் அவ்வணியால் அவரை மணிப்பெண் என அழைத்தனர். டிரம்பெட் ஊதியவர் பெர்சி ஹம்ஃப்ரி. கிளாரினெட் அவர் தமையன் வில்லி. டிராம்போன் 71 வயது ஜிம் ராபின்சன். தோட்டத்திற் பிறந்து, முதல் உலகப்போரில் பிரான்சு சென்ற படையில் இருந்தபோது அக்கருவியைக் கற்றவர். பாஞ்சோ இமானுவேல் சேல்ஸ். முரசு சை ஃபிரேசியர். நெடிய பாஸ் வயலினைத் தாங்கி நின்றவர் 76 வயது அல்சைட் பவஜோ. அவர் ஆடற்கலையிலும் வல்லவர். ஸ்லோ டிராக் என்னும் ஆட்டத்தின் பெயரே அவருக்குப் பட்டப்பெயராயிற்று.

எழுவர் வாசிப்பதும் ஒரே பாட்டு. ஆனால் எழுவரும் ஒன்றையே வாசிப்பதில்லை. இதுவே இம்மரபின் உயிர்நிலை. டிரம்பெட் மெட்டினைத் தெளிவாக எடுத்துச் செல்லும், அது வழிகாட்டி. கிளாரினெட் அதன் மேலே கொடிபோல் சுற்றிப் படரும். டிராம்போன் கீழே நின்று, நீண்டும் வழுக்கியும் விடையிறுக்கும். முற்காலத்தில் குழுவினர் வண்டியேறித் தெருவில் விளம்பரத்திற்கு வாசிக்கையில், டிராம்போனின் நீள்குழல் பிறரை இடிக்காதிருக்க அதனை வண்டியின் பின்விளிம்பில் அமர்த்துவர். அம்முறை வாசிப்புக்கு வண்டிப்பலகையின் பெயரே வழங்கலாயிற்று. பியானோ, பாஞ்சோ, பாஸ், முரசு ஆகிய நான்கும் நிலம் போல் அடியில் கிடந்து தாங்கும். எழுதிய தாள் முன்னே இல்லை. ஒருவர் மற்றவரைக் கேட்டுக் கேட்டே தம் வழியை அமைப்பர். ஒருவர் தனித்து வாசிக்கும்போது மற்றவர் அடங்கி நிற்பர். முடிவில் அனைவரும் ஒருங்கே எழுவர். பிறரைக் கேளாதவன் இக்குழுவில் ஒரு பாட்டுக்கும் நிற்க இயலாது.

தட்டிலே கைதட்டல் ஒலிக்கின்றது. அக்கைதட்டலுக்கு உரியவர் யாவர்? பகலில் காப்பீடு விற்றவர். தோட்டத்துக் குடிலில் பிறந்தவர். குடியுரிமைச் சட்டம் கையெழுத்தாகிச் சில திங்களே ஆகியிருந்த காலம் அது. அச்சட்டத்திற்கு முன்னர்த் தம் சொந்த ஊரில் பல உணவகங்களில் அமர்ந்து உண்ண உரிமையற்றிருந்தோர் அம்மேடையில் அரசர்போல் அமர்ந்திருந்தனர். எம்மா அம்மையார் 1967-இல் பக்கவாதத்தால் இடப்புறம் செயலிழந்தார். ஆயினும் வலக்கை ஒன்றாலேயே வாசித்து, 1983-இல் மறையும்வரை மேடையை விட்டாரில்லை. அம்மாலையின் ஒலிப்பதிவினை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், 2014-ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் காக்கத்தக்க செல்வமாய்ச் சேர்த்தது.

பேணலும் வளர்த்தலும்

இவ்வரலாற்றில் மாறுபட்ட குரலும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. 1950, 60-களில் கறுப்பின இளைஞர் பலர் இப்பழைய இசையை வெறுத்தனர். வெள்ளையரை மகிழ்விக்கச் சிரித்து வாசிக்கும் அடிமைக் காலத்து மிச்சம் எனக் கருதினர். ஆம்ஸ்ட்ராங்கும் அப்பழிக்குத் தப்பவில்லை. ஆனால் 1957-இல் லிட்டில் ராக் நகரில் கறுப்பின மாணவர்க்குப் பள்ளிக்கதவு அடைக்கப்பட்டபோது, குடியரசுத் தலைவரையே வெளிப்படையாகக் கண்டித்து, அரசின் சார்பில் செல்லவிருந்த சோவியத் பயணத்தைத் தள்ளியவரும் அவரே.

இளைஞரின் வெறுப்புக்கு விடை சொன்னவர் டேனி பார்க்கர் என்னும் முதிய இசைவாணர். நெடுங்காலம் நியூயார்க்கில் வாழ்ந்து ஊர் திரும்பிய அவர், 1970-களின் தொடக்கத்தில் ஃபேர்வியூ பாப்டிஸ்ட் தேவாலயத்தைச் சார்ந்த சிறுவரைத் திரட்டி ஒரு பித்தளை இசைக்குழு அமைத்தார். தெருவில் அலைந்த சிறுவர் கையில் கொம்பு வந்தது. அச்சிறுவர் வழியாய் அணையவிருந்த தெருவிசை மறுபடியும் கொழுந்துவிட்டது. 1977-இல் தோன்றிய டர்ட்டி டசன் குழு பழைய முறையோடு புதிய தாளங்களையும் இணைத்து உலகெங்கும் சென்றது. பேணுதல் என்பது பெட்டியில் வைத்துப் பூட்டுதலன்று. பிள்ளை கையில் கொடுத்தல் என்பதை டேனி பார்க்கர் செயலில் காட்டினார்.

ஆலன் ஜாஃபி 1987-இல் மறைந்தார். அவர் மகன் பென் ஜாஃபி குழுவை நடத்தலானார். 2005-ஆம் ஆண்டு கத்ரீனா புயலால் கரைகள் உடைந்து நகரில் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. இசைவாணர் பலர் வீடிழந்து நாடெங்கும் சிதறினர். ஆயினும் 2006-இல் அரங்கம் மீண்டும் திறக்கப்பட்டது. அவ்வாண்டே குழுவுக்கு நாட்டின் தேசியக் கலைப் பதக்கம் வழங்கப்பட்டது. 2011-இல் ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டு, முதியோரைப் பேணுதல், சிறுவர்க்குக் கற்பித்தல் ஆகிய பணிகள் தொடர்கின்றன. 2020-இல் பெருந்தொற்றால் மூடிய கதவு 2021-இல் திறந்தது. 1932-இல் பிறந்த சார்லி கேப்ரியல், தம் குடும்பத்தில் நான்காம் தலைமுறை இசைவாணர். 2022-இல், தம் 89-ஆம் அகவையில், தம் பெயரில் ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டார்.

நாம் சிந்திக்க வேண்டுவன

நம் இளைஞரிடையே பறையைப் பற்றிய வாதம் நெடுநாளாக உண்டு. இழிவின் சின்னம், எரித்துவிடுக என்பார் ஒரு சாரார். முன்னோர் கலை, மேடையேற்றுக என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் மானத்தையே பேசுகின்றனர் என்பதை முதலில் உணர்தல் வேண்டும். நியூ ஆர்லியன்ஸ் வரலாறு இவ்வாதத்திற்கு ஓர் ஒளி தருகிறது. ஆயினும் அங்குள்ளதை அப்படியே இங்குப் பொருத்திவிடல் ஆகாது.

அங்கே இறுதி ஊர்வலத்தில் வாசித்தோர், தம் சங்கத்து உறுப்பினரின் மரியாதைக்காக, தம் சங்கம் அளித்த ஊதியத்திற்கு வாசித்தனர். இங்கே நம் முன்னோர், பிறர் வீட்டுச் சாவுக்கு, மறுக்க உரிமையின்றி, ஊர்க்கட்டளைக்கு அஞ்சி அடித்தனர். மறுத்தோர் அடிபட்டனர், ஊர்விலக்கும் பெற்றனர். கருவி ஒன்றாயினும் கட்டளை வேறு. ஆகவே வினா பறை வேண்டுமா வேண்டாவா என்பதன்று. எவன் ஏவ, எவன் வாசிக்கிறான் என்பதே வினா. ஏவலுக்கு அடிப்பதை நிறுத்தியவர் செய்தது மான மீட்பு. அதே கருவியைத் தன் விருப்பில், தன் மேடையில், தன் பிள்ளைக்குக் கற்பித்தவர் செய்ததும் மான மீட்பே. 2025-ஆம் ஆண்டு பறையிசைக் கலைஞர் வேலு ஆசான் அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டமை இரண்டாம் வழியின் பெருமையைக் காட்டும். முதல் வழி நடந்தோர் இலரேல் இரண்டாம் வழி திறந்திராது.

மற்றொன்று. பட்டி போல்டனின் இசை பதியப்படவில்லை; பதிவு செய்தவன் பெயர் முன்னே நின்றது. நம் சங்கம் தோன்றிய நாளில் அரிசிப் பிடியும் சில்லறைக் காசும் தந்த தாய்மாரின் பெயர்கள் எத்தனை ஏட்டில் உள்ளன? முதல் இரவுப்பள்ளிக்கு விளக்கு ஏந்தியவர் யார்? இவற்றை அறிந்த முதியோர் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். இன்று இளைஞர் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒலிப்பதிவுக் கருவி உண்டு. டுலேன் ஆய்வாளர் 1958-இல் செய்ததை நம் இளைஞர் இவ்வாண்டே செய்யலாம். தெருவுக்கு இருவராய்ச் செல்க. முதியோர் அருகில் அமர்க. அவர் பேசுவதை இடைமறியாது பதிவு செய்க. நாளும் பெயரும் குறித்துச் சங்க நூலகத்தில் சேர்க்க. நம் வரலாற்றை நாம் எழுதாவிடின், பிறர் எழுதுவர். அதில் நாம் இரோம்.

முடிவுரை

ஹம்ஃப்ரி என்னும் ஆசிரியர் இரயில் ஏறியபோது நூறாண்டு கழித்து நடப்பதை அறிந்தாரில்லை. தோட்டத்துப் பிள்ளைக்கும் இசைக் குறியீடு விளங்கும் என நம்பினார், அவ்வளவே. நம் சங்கத்தை நிறுவிய பெரியோரும் அத்தகைய நம்பிக்கை உடையோரே. நம் தெருப் பிள்ளைக்கும் எழுத்து விளங்கும் என அவர்கள் நம்பியதன் பயன், இம்மலரை இன்று நம் பிள்ளைகளே அச்சுக்கோத்துப் பிழைதிருத்தி நம் கையில் தருகின்றனர். 25 ஆண்டு நிறைந்தது. அடுத்த 25 ஆண்டுக்குரிய சந்தாவைச் செலுத்துவதும், முதியோர் சொல்லைப் பதிவதும், கற்றதைத் தெருவில் உள்ள அடுத்த பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதும் இளைஞர்தம் கடன். அக்கடனை அவர்கள் தவறாது ஆற்றுவர் என நம்பி, சங்கம் நீடு வாழ வாழ்த்தி அமைகின்றோம்.